மகன் பாக்கைக் கேட்கப் பழகிய கதை

முதன்முதலாக அந்தக் குறுந்தகட்டைப் போட்டபோது ஸ்பீக்கரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். வயலின்கள் மெலிந்து ஒலித்தன. ஒவ்வொரு இசைத்தொடரின் நுனியும் சட்டென்று அணைந்துபோயிற்று. ட்ரெவர் பின்னாக் தலைமையில் இங்கிலீஷ் கான்சர்ட் குழு வாசித்த கார்ல் பிலிப் இமானுவேல் பாக்கின் ஆறு சிம்பொனிகள் அவை. பெரிய பாக்கின் மகன்களில் பிழைத்து வளர்ந்த இரண்டாமவர் அவர். 1768 முதல் ஹாம்பர்க் நகரத் தேவாலயங்களின் இசைப் பொறுப்பில் இருந்தவர். பெர்லினில் ஆஸ்திரியத் தூதராக இருந்த வான் ஸ்வீட்டன் கேட்டுக்கொண்டதற்காக 1773இல் இந்த ஆறையும் எழுதினார். நவீன வாத்தியக் குழுக்களிலேயே ஊறியிருந்த என் காதுக்கு அது எட்டவில்லை. ஒலியைக் கூட்டிப் பார்த்தேன். கரகரப்புத்தான் கூடியது. எடுத்து வைத்துவிட்டேன்.

பல மாதங்கள் கழித்து ஓர் இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாதே என்று ஒலியை வெகுவாகக் குறைத்து அதையே மறுபடி போட்டேன். பி மைனரில் அமைந்த ஐந்தாவது சிம்பொனி. மெல்லத் தொடங்கி, எதிர்பாராத இடத்தில் சீறி, மறுகணமே அடங்கும் இசை. அந்தச் சீற்றத்தை அன்றுதான் கேட்டேன். அதற்கு முன்னே இருந்த தணிவு காதில் விழுந்தால்தான் சீற்றமும் விழும்.

அந்தக் காலத்து வாத்தியங்களில் வாசித்த இந்த ஒலிப்பதிவுகளுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: ஒலியைக் குறைத்து வையுங்கள். 18ஆம் நூற்றாண்டு வயலினில் இருந்தது பெரும்பாலும் ஆட்டுக்குடலில் திரித்த நரம்பு. உலோகத் தந்தியைப் போல அது பளீரென்று நெடுநேரம் நீளாது. வில் தொடும் கணம் தெளிவாகத் தெரியும், பிறகு ஒலி தானாகவே சாயும். இசையமைத்தவர் அந்தச் சாய்வை நம்பித்தான் எழுதியிருக்கிறார். ஒலியைக் கூட்டினால் சாய்வும் மௌனமும் ஒன்றாகக் கலங்கிவிடும்.

இன்னொரு குழப்பம் சுருதி. நவீனக் குழுக்கள் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்கு வைக்கின்றன. பழைய வாத்தியக் குழுக்களில் பல 415க்கு இறக்கிக்கொள்கின்றன. நம் கச்சேரிக் கணக்கில் ஏறக்குறைய அரைக் கட்டை இறக்கம். ஒரே படைப்பின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் சுருதி இறங்கியது சோர்ந்து ஒலிப்பதுபோல் தோன்றும். நான் இப்படித்தான் நல்ல பதிவு ஒன்றை நெடுநாள் ஒதுக்கிவைத்தேன். இடையில் ஒரு நாளாவது விட்டுக் கேளுங்கள்.

தேடும்போது வெறுமே பாக் என்று போட்டால் அப்பாவும் பிள்ளைகளும் ஒன்றாக வந்து குவிவார்கள். இமானுவேலின் படைப்புகளுக்கு வோட்கென் 1905இல் தொகுத்த பட்டியலின் எண்தான் கைகொடுக்கும். மேலே சொன்ன ஆறு சிம்பொனிகள் வோட்கென் 182. காற்று வாத்தியங்கள் சேர்ந்த நான்கு சிம்பொனிகள் 183. அவை அச்சானது 1780இல். அந்த நான்கையும் குஸ்டாஃப் லியோன்ஹார்ட், ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் தி ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட் குழுவோடு பதிவுசெய்திருக்கிறார். டி மேஜரில் உள்ள முதலாவதைப் போட்டுப் பாருங்கள். முதல் வயலின்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும், இடைவெளி குறுகிக்கொண்டே வரும். மூச்சு வேகமெடுப்பதைப் போல இருக்கும். அதன் மூன்று பகுதிகளும் நிற்காமல் ஒன்றுக்குள் ஒன்று புகுகின்றன. கைபேசிச் செயலியில் ஷஃபிள் போட்டிருந்ததால் அந்த இணைப்பு இருப்பதே எனக்கு ஒரு வருடம் தெரியாமல் போயிற்று. இந்த ஆல்பங்களுக்கு அதை அணைத்துவிடுங்கள். கொம்புகள் முரட்டுத்தனமாக ஒலிக்கின்றனவே என்றும் கலங்க வேண்டாம். வால்வு வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் உதட்டாலும், கொம்பின் வாய்க்குள் நுழைத்த கையாலும்தான் சுரம் பிடித்தார்கள்.

கான்செர்ட்டோக்களில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஏ மைனர் ஒன்று. ஒரே படைப்பு ஹார்ப்சிகார்டுக்கு வோட்கென் 26 என்றும், புல்லாங்குழலுக்கு 166 என்றும், செல்லோவுக்கு 170 என்றும் மூன்று உருவில் இருக்கிறது. முதல் பகுதியை மட்டும் மூன்றிலும் கேளுங்கள். செல்லோ நீட்டிப் பாடும். மரத்தால் ஆன, ஒற்றைச் சாவி கொண்ட அந்தக் காலத்துப் புல்லாங்குழலில் சில சுரங்கள் திறந்தும் சில திரைபோட்டது போலவும் வரும். ஹார்ப்சிகார்டில் ஒலி நீடிக்காது, ஆகவே விரல்கள் நுணுக்கங்களால் அந்த இடத்தை நிரப்பும். ஹார்ப்சிகார்டையும் ஃபோர்ட்டேபியானோவையும் பிரித்தறிய 47ஆம் எண் இரட்டைக் கான்செர்ட்டோவைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. இமானுவேல் மறைந்த 1788இல் எழுதியது. ஒன்றில் இறகு தந்தியைச் சுண்டுகிறது, மற்றதில் சிறு சுத்தி தட்டுகிறது. இரண்டும் ஒரே கேள்விக்கு மாறி மாறிப் பதில் சொல்கின்றன.

ஏ மேஜர் செல்லோ கான்செர்ட்டோ 172ஐ மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆன்னர் பில்ஸ்மா லியோன்ஹார்ட்டோடு வாசித்த பதிவு. அதன் நடுப்பகுதியில் வயலின்கள் ஒலியடக்கி மாட்டிக்கொண்டு வாசிக்கின்றன, செல்லோ தனியே துயரப்படுகிறது. நான் அதைக் கேட்க உட்காரும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவேன். வேர்த்தாலும் பரவாயில்லை. வில் நரம்பை விட்டு எழும் ஓசை அப்போதுதான் கேட்கும்.