ஆற்றுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் முன்: 12 குறிப்புகள்

பண்ருட்டி வட்டாரத்தில் காணும் பொங்கலோடு பொங்கல் முடிந்துவிடாது. தை 5-ஆம் நாள், அதாவது ஜனவரி 18 அல்லது 19-இல், தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். கண்டரக்கோட்டை மணலில் ஜனங்கள் கட்டுச்சோற்றோடு குடும்பம் குடும்பமாக உட்காருவார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலை பார்க்கும் அண்ணன் குடும்பமும் கடலூரில் கட்டிக்கொடுத்த அக்கா குடும்பமும் கூடும் நாள் இது. அத்தனை பேருக்கும் ஒரே வீட்டுப் பெண்கள் விடிய விடியச் சமைத்தால், ஆற்றங்கரைக்கு வந்தும் அவர்களுக்குத் திருவிழா இல்லை. வேலையைப் பிரித்துக்கொள்வதற்கான குறிப்புகள் இவை.

1. போகிக்கு முன்பே வருகிறவர்களின் தலைக்கணக்கை எடுத்துவிடுங்கள். புளியோதரை ஒரு வீடு, தயிர்சாதம் ஒரு வீடு, வறுவலும் ஊறுகாயும் ஒரு வீடு, தண்ணீரும் பாயும் ஒரு வீடு என்று பிரியுங்கள். கடைக்குப் போவது, வண்டி பேசுவது, பாத்திரம் துலக்குவது எல்லாம் ஆண்கள் பொறுப்பு. வாய்ப்பேச்சோடு விடாமல், யாருக்கு என்ன வேலை என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போடுங்கள்.

2. பெரியவர் ஒருவருக்கு எல்லாச் சாதமும் சேர்த்து 100 முதல் 125 கிராம் அரிசி போதும். 30 பேருக்கு மூன்றரை கிலோ தாராளம். ஒவ்வொரு வீடும் "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதலாக வடித்தால் மிஞ்சியதை ஆற்று மணலில்தான் கொட்ட வேண்டிவரும்.

3. புளி, நல்லெண்ணெய், மிளகாய், கடலைப்பருப்பு எல்லாவற்றையும் பொங்கல் சாமானோடு சேர்த்து ஒரே நடையில் வாங்கிவிடுங்கள். பொங்கல் நாட்களில் பாதிக் கடை பூட்டியிருக்கும். தயிர்சாதத்துக்குத் தை 4-ஆம் நாள் வாங்கும் பாலுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. பண்ருட்டியில் இருந்துகொண்டு முந்திரிக்கு முழுப்பருப்பு விலை கொடுக்க வேண்டாம். சாதத்தில் போடுவதற்குப் பாதிப்பருப்பும் துண்டும் போதும், ருசி ஒன்றுதான். வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். மொடுக்கென்று ஒடிந்தால் நல்ல சரக்கு. வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது.

5. புளிக்காய்ச்சலைக் காணும் பொங்கலன்றே காய்ச்சி வைக்கலாம். புளித்தண்ணீர் சுண்டி எண்ணெய் மேலே மிதக்கும்வரை அடுப்பிலேயே இருக்கட்டும். நன்றாக ஆறியதும் ஈரமில்லாத பாட்டிலில் எடுத்து வையுங்கள். ஈரக் கரண்டி படவே கூடாது.

6. தயிர்சாதம் மதியத்துக்குள் புளிக்காமலிருக்க, தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். ஒரு கிலோ அரிசியைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு சிறு கிண்ணம் தயிர் கலந்தால் போதும். காலையில் பாயசம்போல் தளர்வாக இருக்கும். இலையில் வைக்கும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும்.

7. சுடுசோற்றை அப்படியே தூக்கில் அடைத்து மூடாதீர்கள். வியர்த்து ஊசிப்போகும். அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஆறிய பிறகே கிளறுங்கள். வெதுவெதுப்பிலேயே வெகுநேரம் கிடந்த சோற்றில் கிருமி பெருகி நஞ்சு உண்டாகலாம். மறுபடி சுடவைத்தாலும் அது போகாது. தேங்காய்ச் சாதம், தேங்காய்த் துவையல் இருந்தால் முதலில் அவற்றைக் காலி செய்யுங்கள்.

8. பிளாஸ்டிக் தட்டு, டம்ளருக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வாழை இலையோ மந்தாரை இலையோ வாங்குங்கள். தண்ணீர் குடிக்க வீட்டு எவர்சில்வர் டம்ளரையே கொண்டுபோகலாம்.

9. வேன் பேசும்போது வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, திரும்பும் நேரம் நான்கையும் சேர்த்துப் பேசுங்கள். ஆள் அதிகம் என்று குட்டியானை போன்ற சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து. இடம் போதாவிட்டால் பெண்கள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் வரலாம். 2021 முதல் அதில் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

10. போன வருஷம் குளித்த இடம்தானே என்று நம்பி இறங்காதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது. 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே கெடிலத்தில் குளிக்கப் போன சிறுமிகள் உட்பட ஏழு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி ஆழம் பார்க்கட்டும். பிள்ளைகள் முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம்.

11. சிறு பிள்ளைகளின் சட்டைப்பையில் அப்பா, அம்மா போன் நம்பரை எழுதி வையுங்கள். பிள்ளை காணாமல் போனால் முதலில் அங்கே காவலுக்கு நிற்கும் போலீசாரிடம் சொல்லுங்கள், 1098-க்கும் அழைக்கலாம். ஆம்புலன்சுக்கு 108. பாட்டி தாத்தாவின் மதிய மாத்திரையைச் சாப்பாட்டுக் கூடையில் வைக்காமல் அவர்கள் கைப்பையிலேயே வைத்துவிடுங்கள்.

12. திருவிழாக் கடைகளில் சுருளிக்கிழங்கும் சிறுவள்ளிக்கிழங்கும் குவித்து விற்பார்கள். அதற்கென்று ஒரு துணிப்பையும், குப்பைக்கென்று ஒரு சாக்கும் எடுத்துப் போங்கள். கிழங்கை வீட்டுக்கு வந்ததும் மண் போகக் கழுவி, உப்புப் போட்டுத் தோலோடு அவியுங்கள். எச்சில் இலையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து ஊர்க் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

இந்தத் தையில் ஒரு வேலையையாவது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்தவர்களை முதல் பந்தியில் உட்கார வைத்து, மற்றவர்கள் பரிமாறுங்கள்.