ஐந்து லிட்டர் தண்ணீரும் இரண்டு கிலோ எடையும்

கேள்வி: வயது 34, எடை 78 கிலோ. காக்களூர் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. தினம் 5 லிட்டர் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரைந்து சிறுநீரில் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து ஒரு மாதமாகக் குடிக்கிறேன். இரவுச் சோற்றை நிறுத்திவிட்டேன், உப்பையும் பாதியாக்கிவிட்டேன். முதல் வாரம் 2 கிலோ குறைந்தது. அப்புறம் அசையவே இல்லை. பாத்ரூமுக்கு அடிக்கடி போக முடியாது என்பதால் வேலை நேரத்தில் அரை பாட்டில்தான். மீதியெல்லாம் வீட்டுக்கு வந்துதான். ராத்திரியில் தலைவலி, குமட்டல். கிட்னி கெட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. என்னைப் பார்த்து மாமியாரும் ஆரம்பித்துவிட்டார். அவருக்கு இதய நோய்க்கு மாத்திரை உண்டு.
– எஸ்.கே., திருநின்றவூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நல்ல நிலையில் இருக்கும் சிறுநீரகம், ஒரு மாதம் தண்ணீர் கூடுதலாகக் குடித்ததால் கெட்டுப்போகாது. ஆனால் அந்தத் தலைவலியையும் குமட்டலையும் அப்படியே விட்டுவிடக் கூடாது.

5 லிட்டர் என்பதைவிட, அதை நீங்கள் குடிக்கும் நேரம்தான் எனக்குக் கவலை தருகிறது. சிறுநீரகங்கள் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் முக்கால் முதல் ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதற்கு மேல் சேர்ந்தால் ரத்தம் நீர்த்து, சோடியம் இறங்கிவிடும் (ஹைப்போநட்ரீமியா – ரத்தத்தில் உப்புச்சத்துக் குறைவு). பகலெல்லாம் வியர்வையில் உப்பை இழந்து, சாப்பாட்டிலும் உப்பைக் குறைத்து, ராத்திரி நாலு லிட்டரைக் குடித்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, ரத்தத்தில் சோடியமும் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கழிவுப்பொருள்) பார்த்துவிடுங்கள். சோடியம் 135-க்கும் 145-க்கும் இடையில் இருக்க வேண்டும். வாந்தி நிற்காமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

வீடியோக்காரர் சொன்னதில் உண்மை இல்லை. கொழுப்பு பெரும்பாலும் வெளியேறுவது மூச்சுவழியாக! 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாகிறது, மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர் என்று 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முதல் வாரம் உங்களுக்குக் குறைந்ததும் பெரும்பாலும் தண்ணீர்தான். சோற்றையும் உப்பையும் குறைத்தால், அவை உடலில் பிடித்து வைத்திருந்த நீர் முதலில் இறங்கும்.

அதற்காகத் தண்ணீரால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்குச் சற்று முன் அரை லிட்டர் குடித்தால், நடுத்தர வயதுக்காரர்களும் முதியவர்களும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டோடு இதையும் செய்தவர்களுக்கு 12 வாரத்தில் மற்றவர்களைவிடச் சுமார் 2 கிலோ கூடுதலாகக் குறைந்ததாக 2010-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கேன்டீனில் எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கலோரி. நாலு டீக்கு 160, பால் தனி. அதில் இரண்டை விட்டுவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் தண்ணீர் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பொதுவான கணக்கு. வெக்கையில் நின்று வேலை செய்யும் உங்களுக்கு இரண்டரை, மூன்று ஆகலாம். காலையில் தொடங்கி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் வீதம் பரவலாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமானது. பச்சைத் தண்ணீர் போல இருக்க வேண்டியதில்லை. சமையலில் உப்பு வழக்கம்போல அளவோடு இருக்கட்டும். ராத்திரி ஒரு சப்பாத்தியோ கொஞ்சம் சோறோ, கூடவே நிறைய காய்கறி.

பாத்ரூம் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. குடிநீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே கட்டாயமாக்கப்பட்டுவிட்டன. சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்றோடு வரும் பெண் தொழிலாளர்களை நான் அதிகம் பார்க்கிறேன். தனியாகக் கேட்கத் தயங்கினால், லைனில் இருக்கும் நாலு பேராகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.

மாமியாரை இப்படித் தண்ணீர் குடிப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அவர் சாப்பிடுவது நீர் பிரிய வைக்கும் மாத்திரையாகவும் இருக்கலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டரே வரம்பு கட்டுவதுண்டு. காலில் வீக்கமோ, படுத்தால் மூச்சுத் திணறலோ இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்; மாத்திரைச் சீட்டோடு உடனே அழைத்துப் போங்கள்.