பழைய 800-க்கு பிக்கப் போயிடுச்சா? புகைச் சீட்டை எடுத்துப் பாருங்க!

உங்கள் வீட்டு வாசலில் நிற்பது பழைய மாருதி 800-ஆ? அப்படியென்றால் ‘பிக்கப் போயிடுச்சு’ என்று நீங்களும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பீங்க. மேம்பாலம் ஏறும்போது பின்னால் வருகிற ஆட்டோ ஹாரன் அடிக்கும். ஏசி போட்டால் வண்டி மூச்சு வாங்கும். உடனே பக்கத்தில் இருப்பவர் யோசனை சொல்வார்: “சைலன்சரை மாத்துங்க, டயரை அகலமா போடுங்க, இல்லாட்டி ஜென் இன்ஜினைத் தூக்கி வைங்க.”

அதற்கெல்லாம் பணம் எடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு பார்த்துவிடலாம். 1983-இல் வந்து 2014 வரை தயாரான இந்தக் கார், பெரும்பாலான மாடல்களில் புதிதாக ஷோரூமை விட்டு வெளியே வந்தபோதே சுமார் 37 குதிரைத்திறன்தான். மூன்று சிலிண்டர், 796 சிசி. அந்த 37-ஐ வைத்துத்தான் ஒரு காலத்தில் குடும்பமே பழனிக்கும் ஊட்டிக்கும் போய் வந்தது. இன்று உங்கள் வண்டி இழுக்கவில்லை என்றால், பெரும்பாலும் அந்த 37-இல் ஒரு பகுதி எங்கேயோ ஒழுகுகிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் சட்டத்துக்கும் சரி, செலவும் குறைவு.

ஓட்டை எங்கே என்று சொல்லும் முதல் காகிதம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் மடித்து வைத்திருக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ்தான் அது. காணாமல் போயிருந்தால் கவலை வேண்டாம். பரிவாகன் இணையதளத்தில் புகைச் சான்றிதழ் பகுதிக்குப் போய், வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கத்தையும் கொடுத்தால் போனிலேயே வந்துவிடும்.

சீட்டை எப்படிப் படிப்பது?

நம்மில் பலர் அதில் தேதியை மட்டும்தான் பார்க்கிறோம். பெட்ரோல் காருக்கு அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று கார்பன் மோனாக்சைடு, சதவீதத்தில் இருக்கும். இன்னொன்று ஹைட்ரோகார்பன், பிபிஎம் என்ற அளவில் இருக்கும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய கார்களுக்கு வரம்பு முறையே 3 சதவீதம், 1500 பிபிஎம். ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். உங்கள் வண்டி எந்த ஸ்டேஜ் என்று தெரியாவிட்டால் எம்பரிவாகன் செயலியில் ஆர்சி விவரத்தைத் திறந்து பாருங்கள்.

வரம்புக்குள் இருந்தால் ‘பாஸ்’, அத்தோடு விட்டுவிடுவோம். ஆனால் வரம்புக்குள்ளேயே எண்கள் கதை சொல்லும்.

கார்பன் மோனாக்சைடு உயரமாக இருந்தால், பெட்ரோல் அதிகமாகப் போகிறது, காற்று போதவில்லை என்று அர்த்தம். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லையா, மாற்றிவிடுங்கள். இந்த வண்டியில் மிகக் குறைந்த செலவில் முடிகிற ரிப்பேர் இதுதான். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால், கார்புரேட்டர் வண்டியில் சோக் முழுசாகத் திறக்காமல் மாட்டியிருக்கலாம். அல்லது மிதவை அளவு ஏறியிருக்கலாம்.

ஹைட்ரோகார்பன் உயரமாக இருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. அதாவது மூன்று சிலிண்டரில் ஏதோ ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, டைமிங் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேர் தூக்க வேண்டிய பாரத்தை இரண்டரைப் பேர் தூக்கினால் வண்டி எப்படி இழுக்கும்? நான்கு சிலிண்டர் காரில் ஒன்று தடுமாறினால் கால் பங்கு போகும். உங்கள் 800-இல் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

ஒரு விஷயத்தில் உஷாராக இருங்க. சில இடங்களில் பரிசோதனைக்கு முன் கார்புரேட்டரின் கலவைத் திருகை இறுக்கிவிட்டு, எண்ணைக் கீழே கொண்டுவந்து ‘பாஸ்’ போட்டுத் தருவார்கள். சீட்டு அழகாக இருக்கும். ஆனால் அடுத்த சிக்னலில் கிளட்ச் விட்டதும் வண்டி இருமும், ஏசி போட்டால் அணையும். புகை டெஸ்ட் எடுத்த நாளிலிருந்துதான் பிக்கப் குறைந்தது என்று தோன்றினால் சந்தேகப்பட வேண்டிய இடம் அந்தத் திருகு. அதேபோல் சைலன்சரில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து எண்கள் பொய்யாகக் குறைந்து காட்டும். அந்த ஓட்டை வழியாக வரும் கார்பன் மோனாக்சைடு கண்ணாடி ஏற்றிய காருக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பிக்கப்புக்காக இல்லாவிட்டாலும் அதை உடனே அடைத்துவிடுங்கள்.

2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ வண்டியில் இந்தக் கார்புரேட்டர் கதை இல்லை. அங்கே த்ராட்டில் பாடியில் படியும் கரி, ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஃபில்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, ஆனா வண்டி ஓடலையே?

புகைச் சீட்டுக்கு ஒரு எல்லை உண்டு. வண்டி நின்ற இடத்தில் எடுக்கும் அளவு அது. சக்கரத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதற்கு நீங்களே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் இருக்கின்றன.

சமதளத்தில் நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரே ஆளாகத் தள்ளிப் பாருங்கள். 800 எடை குறைவான கார், சுமார் 650 கிலோதான். லேசாகத் தள்ளினாலே நகர வேண்டும். நகரவில்லை என்றால் டயரில் காற்று குறைவு அல்லது பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எந்தச் சக்கரம் மட்டும் தனியாகச் சுடுகிறது என்று தெரியும். தொட்டுப் பார்க்காதீங்க, பக்கத்தில் கொண்டுபோனாலே போதும். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டியில் இன்ஜினுக்கு ஆயிரம் செலவழித்தாலும் வீண்தான்.

இரண்டாவது, கிளட்ச். காலியான ரோட்டில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட். மூன்று சிலிண்டரிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, பெரிய வேலை. ஏறவில்லை என்றால் வால்வு பக்கம் சந்தேகம். சில சமயம் டேப்பட் இடைவெளியைச் சரிசெய்வதிலேயே முடிந்துவிடும். இந்த ஒரு டெஸ்ட் செய்யாமல் ‘இன்ஜினை இறக்கணும்’ என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டால் சக்தி கூடுமா என்று பலரும் கேட்பதுண்டு. கம்ப்ரஷன் விகிதம் குறைவான இந்தப் பழைய இன்ஜினுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோலால் பெரிய பயன் இல்லை. அந்தக் காசில் பிளக் மாற்றலாம்.

பெரிய இன்ஜின் வைத்தால் என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

அபராதத்தைவிடப் பெரிய தலைவலி வேறு. ஆர்சியில் 796 சிசி, உள்ளே 993 சிசி. ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து இன்ஜின் எண்ணைப் பார்த்தால் க்ளைம் சிக்கலில் மாட்டும். 37 குதிரைத்திறனுக்கு வடிவமைத்த பிரேக்கும் அப்படியேதான் இருக்கும். இன்ஜின் நிஜமாகவே போய்விட்டு வேறு வைக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கி, புது எண்ணை ஆர்சியில் ஏற்றிய பிறகு ஓட்டுங்கள்.

மலை ஏறும்போது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறஏற காற்று அடர்த்தி குறையும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இன்ஜினுக்குக் கீழே கிடைத்ததைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்த காற்றுதான் கிடைக்கும். அதனால் மலையில் வண்டி தளர்வது கோளாறு இல்லை. ஆனால் நான்கு பெரியவர்களும் பெட்டியும் சேர்ந்தால் 350 கிலோ வரும், காரின் எடையில் பாதிக்கும் மேல்! மேல்கூரையில் மூட்டை ஏற்றுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் போய் வண்டி திணறிய பிறகு கியர் மாற்றாமல், வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். ஏசியை வளைவு முடியும் வரை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். சூடு காட்டும் முள் ஏறினால் ஓரம்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சுடச்சுடத் திறக்க வேண்டாம்.

ஆர்சி தேதியைப் பார்த்தாச்சா?

சொந்த உபயோகக் காரின் ஆர்சி 15 ஆண்டுக்குச் செல்லும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து பரிவாகனில் படிவம் 25 மூலம் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000 ரூபாய். பசுமை வரி தனி. தற்போதைய கட்டணத்தை விண்ணப்பிக்கும் அன்று தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை நேரில் காட்ட வேண்டியிருப்பதால், மேலே சொன்ன வேலைகளை அதற்கு முந்தைய மாதத்தில் முடித்து, அதன் பிறகு புதுப் புகைச் சீட்டு எடுங்கள். பழைய சீட்டையும் தூக்கிப் போடாதீங்க. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மெக்கானிக் செய்த வேலை பலித்ததா என்று எண்களிலேயே தெரிந்துவிடும்.

அப்படியே பெட்ரோல் குழாய்களையும் ஒரு பார்வை பார்த்துவிடச் சொல்லுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் நீண்ட காலம் பயன்படுத்திய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டிவரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. குழாயை விரலால் மடக்கும்போது வெடிப்பு தெரிந்தாலோ, பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் அடித்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.