ஏவலும் ஈடுபாடும்

கல்லூரியை விட்டு நீங்கும் மாணாக்கர் பலரும் முதற்கண் பிறர் ஏவலின்கீழ்ப் பணிபுரியத் தொடங்குவர். சில ஆண்டுகள் கழியுமுன்னே அவருட் பலர் பிறரை ஏவிப் பணிகொள்ளும் நிலையை அடைவர். பள்ளித் தலைமையாசிரியர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர், வங்கிக் கிளையின் தலைவர், தொழிற்சாலை மேற்பார்வையாளர் எனப் பெயர் பலவாயினும் தொழில் ஒன்றே. பிறர் உழைப்பைக் கொண்டு ஒரு செயலை முடித்தலே அது. கணிதத்திற்கும் இரசாயனத்திற்கும் முறையாகப் பாடங்கேட்ட நாம், இத்தொழிலுக்கு யாதொரு பாடமும் கேளாமலே அதனுட் புகுகின்றோம். நம்கீழ் உழைப்பவர் ஒருவர் நாடோறும் மனமுவந்து பணிக்கு வருகின்றாரா, மனம் புழுங்கி வருகின்றாரா என்பது பெரிதும் நம் கையிலேயே உள்ளது. ஆதலின், ஏவலால் மட்டும் பெறுதற்கரிய ஈடுபாட்டை மேற்பார்ப்போர் எங்ஙனம் வளர்த்தல் கூடும் என்பதனை, நிகழ்ந்த வரலாறு ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஈடுபாடு என்பது யாது? சுறுசுறுப்பும் கீழ்ப்படிதலும் மட்டும் ஈடுபாடு ஆகா. சொன்னதைச் சொன்னவாறு செய்து, சொல்லாததைக் கண்டும் காணாதவர்போல் இருப்பவர் குற்றமற்ற பணியாளராயிருக்கலாம், ஈடுபாடுடையவராகார். தம் அறிவையும் கவலையையும் செயலினுள் வைத்து, அது நன்கு முடிதல் வேண்டுமெனத் தாமே விரும்புதல்தான் ஈடுபாடு. கையுழைப்பைக் கூலி கொடுத்துப் பெறலாம். இவ்விருப்பத்தை அங்ஙனம் பெறுதல் இயலாது.

இவ்வுண்மையைத் தொழிலுலகம் எளிதில் உணர்ந்துவிடவில்லை. அமெரிக்க நாட்டுப் பொறியியலறிஞர் பிரடெரிக் டெய்லர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அறிவியல் முறை நிருவாகத்தின் கொள்கைகள்’ என்னும் நூல், எண்ணுதல் ஒருவர்க்கும் செய்தல் வேறொருவர்க்கும் உரியன எனப் பிரித்தது. பொறியியலார் நிறுத்துகடிகாரத்தைக் கையிலேந்தி, ஒரு வேலையைக் கூறு கூறாக்கி, ஒவ்வொன்றிற்கும் வேண்டும் காலத்தை அளப்பர். தொழிலாளி அவ்வளவின்படி நடத்தல் வேண்டும். இதனால் விளைந்த நன்மை சிறிதன்று, வீண் அலைச்சல் குறைந்தது, விளைவு பெருகியது. ஆயினும் கருதும் உரிமை தொழிலாளியினின்று நீக்கப்பட்டது.

1913ஆம் ஆண்டில் ஹென்றி போர்டு தம் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசையை அமைத்தார். மோட்டார் வண்டியின் அடிச்சட்டம் சங்கிலியால் இழுக்கப்பட்டு மெல்ல நகர, தொழிலாளர் தத்தம் இடத்தில் நின்றவாறே ஆளுக்கொரு சிறுவேலையைச் செய்தனர். முன்னர்ப் 12 மணி நேரத்திற்கு மேற்பட்ட உழைப்பை வேண்டிய அடிச்சட்டப் பூட்டுவேலை ஏறக்குறைய ஒன்றரை மணி அளவிற்குச் சுருங்கியது. ஆனால் அவ்வாண்டில் ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் நிறுத்தி வைத்தற்பொருட்டு 50,000க்கு மேற்பட்டோரைப் புதிதாகச் சேர்க்க நேர்ந்தது. வந்தோர் வந்தவாறே நீங்கினர். 1914ஆம் ஆண்டு ஜனவரியில் நாட்கூலி 5 டாலராக உயர்த்தப்பட்டது. வேலை நேரமும் 8 மணியாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் தொழிலாளர் நிலைத்தனர். நியாயமான கூலி இல்லாத இடத்தில் வேறெதுவும் வேரூன்றாது என்பதற்கு இஃதொரு சான்று. ஆனால் அக்கூலி அவர்களை வரிசையில் நிற்கச்செய்ததேயன்றி, அவர்தம் கருத்தினை வினவவில்லை.

இனி, நாம் கூறப்புகுந்த வரலாற்றுக்கு வருவோம். கலிபோர்னியா மாகாணத்துப் பிரீமாண்டு என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார்க்குத் தொழிற்சாலை ஒன்றிருந்தது. அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகளுள் மிகத் தாழ்ந்த நிலையினவற்றுள் ஒன்றென அது பெயர்பெற்றிருந்தது. நூற்றுக்கு இருபதின்மர்க்குக் குறையாமல் வேலைக்கு வாராதொழிந்தனர். வேலையிடத்திலேயே குடித்தோரும் உண்டு. வண்டியின் கதவினுள் வெற்றுப் புட்டியை இட்டு மூடி, ஓடுங்கால் அது ஒலிக்குமாறு செய்தோரும் உண்டெனப் பின்னாளில் தொழிலாளர் தாமே கூறியிருக்கின்றனர். குறை கண்ணுக்குத் தெரிந்தாலும் வரிசையை நிறுத்தலாகாது என்பதே ஆண்டைய பெருவிதி. குறையுடைய வண்டிகள் இறுதிவரை சென்று, புறத்தே நிறுத்தப்பட்டுப் பின்னர்ச் செப்பனிடப்பட்டன. நிருவாகத்திற்கும் சங்கத்திற்கும் ஓயாத பகை நிலவியது. 1982ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

இரண்டாண்டுகளுக்குப் பின்னர், 1984ஆம் ஆண்டில், அதே கட்டடத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானியரின் டொயோட்டாவும் கூடி ‘நம்மி’ எனச் சுருங்க வழங்கும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அன்றாட நிருவாகத்தை டொயோட்டா ஏற்றது. புதியோரைத் தேடிச் சேர்த்திருந்தால் இவ்வரலாறு நமக்குப் பயன்படாது. முதலிற் சேர்க்கப்பட்டோருள் நூற்றுக்கு எண்பதின்மர்க்கு மேற்பட்டோர் பழைய தொழிற்சாலையிலிருந்து நீக்கப்பட்டவர்களே; சங்கமும் பழைய சங்கமே. ‘ஆட்கள் தீயோர்’ என்பது மெய்யாயின், இம்முயற்சி ஓராண்டும் நிலைத்திராது. ஆனால் நிகழ்ந்தது வேறு. பணிக்கு வாராதோர் தொகை நூற்றுக்கு மூன்று நான்கு என்னும் அளவிற்கு இறங்கியது. 1986ஆம் ஆண்டின் இறுதியில் அதன் விளைதிறன் ஜெனரல் மோட்டார்ஸின் ஏனைய தொழிற்சாலைகள் அனைத்தையும் விஞ்சிற்று. மாந்தர் மாறவில்லை, அவரை நடத்திய முறை மாறிற்று. அம்மாற்றங்களுள் மூன்றினை எடுத்துக் கூறுவாம்.

முதலாவது, கயிறு. வரிசை நெடுகிலும் தொழிலாளர் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. குறை கண்டவர் எவராயினும் அதனை இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கெரியும், குழுத்தலைவர் விரைந்து வந்து உதவி செய்வார். வண்டி அடுத்த நிலையை அடைவதற்குள் குறை நீங்கினால் வரிசை நில்லாது; நீங்காதாயின் நிற்கும். வரிசை நிற்பதாற் பொருள் இழப்பு உண்டு. அவ்விழப்பை உண்டாக்கும் உரிமையை மிகத் தாழ்ந்த படியிலுள்ள தொழிலாளியின் கையிற் கொடுத்தமை, ‘உமது தீர்ப்பை நம்புகின்றோம்’ என வாயாற் கூறுவதினும் வலிய சொல்லாயிற்று. அதனினும் மேலானது, இழுத்தவரைத் தலைவர் சினவாமல், என்ன உதவி வேண்டுமென வினவியதே. சினந்திருந்தால் இரண்டாம் நாள் எவரும் கயிற்றைத் தொட்டிரார்.

இரண்டாவது, கடிகாரம். டெய்லர் காலத்து நிறுத்துகடிகாரம் நம்மியிலும் இருந்தது. வேலையும் ஏறக்குறைய ஒரு நிமிடத்திற்கொருமுறை திரும்பச் செய்யும் அதே சிறுவேலைதான். ஆனால் கடிகாரம் கை மாறியது. குழுவினர் தாமே ஒருவர் வேலையை ஒருவர் அளந்து, தம்முட் கலந்தாய்ந்து, எளியதும் ஊறில்லாததுமான முறையை வகுத்து எழுதிவைத்தனர். சிறந்த முறை தோன்றியபோது அதனைத் திருத்தினர். அறிஞர் பால் ஆட்லர் 1993ஆம் ஆண்டில் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் இதனை விரித்துரைத்துள்ளார். 1991ஆம் ஆண்டில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட யோசனைகளைத் தொழிலாளர் எழுதிக் கொடுத்தனர். அவற்றுள் நூற்றுக்கு எண்பதிற்கு மேற்பட்டவை செயலாக்கப்பட்டன. பிறர் அளந்தால் அடிமைத்தனமாகத் தோன்றும் அதே அளவு, தாமே அளந்தபோது கைத்திறனாயிற்று.

மூன்றாவது, காப்பு. நிறுவனத்தின் நிலைபேற்றுக்கே ஊறு நேர்ந்தாலன்றி எவரையும் நீக்குவதில்லை எனவும், அப்பொழுதும் முதற்கண் மேலதிகாரிகளின் சம்பளமே குறைக்கப்படும் எனவும் சங்கத்தோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. 1988ஆம் ஆண்டில் வண்டிகளின் விற்பனை குன்றி வேலை பெரிதும் குறைந்தபோதும் எவரும் நீக்கப்படவில்லை. எஞ்சிய நேரத்திற் பயிற்சி அளிக்கப்பட்டது. தம் யோசனையால் வேலை எளிதானால் தமக்கே வேலை போய்விடுமென்று அஞ்சுபவர் யோசனை கூறுவாரா? அவ்வச்சத்தை நீக்கிய பின்னரே அறிவைக் கேட்கும் தகுதி நிருவாகத்திற்கு உண்டாயிற்று. அதிகாரிகளும் தொழிலாளரும் ஒரே உணவுச்சாலையில் உண்டதும், வண்டி நிறுத்துமிடத்தில் அதிகாரிகட்கெனத் தனியிடம் ஒதுக்காததும் இக்கருத்தோடு சேர்த்தெண்ணத் தக்கன.

இவ்வரலாற்றைப் புகழ்ந்தே முடித்தல் நேர்மையன்று. 1988ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சார்புடைய ஆசிரியர் இருவர், இம்முறை தொழிலாளரை ஓயாத நெருக்கடியில் வைத்து நடத்துவதேயாகும் எனத் தம் நூலிற் கண்டித்தனர். ஓய்வின்றிக் கைகள் இயங்குதலால் உடல் நலிவுறும் என்னும் அவர்தம் கவலை பொருளற்றதன்று. மற்றும், லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த வான் நைஸ் என்னுமிடத்திலிருந்த தம் தொழிற்சாலையில் ஜெனரல் மோட்டார்ஸார் இம்முறையைப் புகுத்த முயன்றபோது அது வேர்கொள்ளவில்லை. 1992ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. கயிற்றைக் கட்டுதல் எளிது. இழுத்தவர்க்குத் துணை நிற்கும் மனப்பான்மையைக் கட்டுதல் அரிது. நம்மியும், ஜெனரல் மோட்டார்ஸ் 2009ஆம் ஆண்டிற் கூட்டிலிருந்து விலகியபின், 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளோடு தன் பணியை நிறுத்திற்று. நல்ல நிருவாகம் வாணிக உலகத்து இன்னல் அனைத்தையும் விலக்கும் மந்திரமன்று. எனினும் கால் நூற்றாண்டுக்கு மேலாக அது மெய்ப்பித்துக் காட்டியது பொய்யாகிவிடாது.

தொழிற்சாலைக்குப் பொருந்துவது பிற இடங்கட்கும் பொருந்துமோ என ஐயுறுவார்க்கு, வில்லியம் கான் என்னும் உளநூலறிஞர் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி விடை தரும். கோடை விடுமுறை முகாமொன்றின் வழிகாட்டிகளையும் கட்டடக்கலை நிறுவனமொன்றின் பணியாளரையும் அவர் நுணுகி நோக்கினார். மனிதர் தம்மை முழுதும் வேலையில் ஈடுபடுத்துதற்கு மூன்று வேண்டும் எனக் கண்டார். செய்யும் செயல் பொருளுடையதென்னும் உணர்ச்சி ஒன்று. உள்ளதை உள்ளவாறு கூறினால் தீங்கு நேராதென்னும் துணிவு ஒன்று. உடலிலும் உள்ளத்திலும் எஞ்சிய ஆற்றல் ஒன்று. நம்மியின் கயிறு துணிவையும், கடிகாரம் பொருளுடைமையையும் தந்தன என்க. மூன்றாவதாகிய ஆற்றலை நல்குவன அளவான வேலையும் ஓய்வுமே. கண்டித்தோர் சுட்டியதும் இதனையேயன்றோ?

பொருளுடைமையைப் பற்றி மற்றொரு சோதனையும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில், பழைய மாணவரைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்கும் பணியில் சிலர் அமர்த்தப்பட்டிருந்தனர். பன்முறை மறுப்புக் கேட்டுச் சோரும் வேலை அது. ஆடம் கிராண்ட் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும், அந்நன்கொடையால் உதவிச் சம்பளம் பெற்றுப் படித்த மாணவர் ஒருவரை அவருட் சிலரோடு சில நிமிடங்கள் உரையாடச் செய்தனர். ஒரு மாதங்கழித்து நோக்கியபோது, அம்மாணவரைக் கண்டோர் முன்னையினும் இரு மடங்குக்கு மேற்பட்ட நேரம் தொலைபேசியிற் பேசியதும், இரு மடங்குக்கு மேற்பட்ட தொகை ஈட்டியதும் புலனாயின. இது 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தலைவர் நிகழ்த்தும் சொற்பொழிவு செய்யாததை, பயன்பெற்ற ஒரு முகம் செய்தது.

இவற்றினின்றும் நாம் கொள்ளற்பாலன சில. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்தே ‘தெரிந்து வினையாடல்’ வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. ஆளையறிந்து தேர்ந்தபின், அவர்க்கேற்ற வினையை அவரிடமே விடுதல் வேண்டும். விட்டபின்னும் ஒவ்வோர் அடியிலும் தலையிடுபவர் விட்டவராகார். குறை கூற வந்தவரிடம் முதற்கண் காட்டும் முகக்குறிப்பில், இனி உண்மை தம்மிடம் வருமா வாராதா என்பதைத் தலைவர் தாமே முடிவு செய்துவிடுகின்றார். யோசனை ஒன்றை ஏற்க இயலாதாயின், இயலாமைக்குக் காரணத்தை அவர்க்கே சொல்லுதல் வேண்டும். விடையின்றிக் கிடக்கும் விண்ணப்பமே ஈடுபாட்டின் கல்லறை. ஆய்வுச்சாலையிற் கண்ணாடிக் கலங்களைக் கழுவுபவர், அக்கலத்தில் மாணாக்கர் கண்டறிந்த முடிவை ஒருநாளேனும் அருகில் நின்று காணட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ‘சேவை’ என்னும் இனிய சொல்லைக் காட்டி நியாயமான சம்பளத்தைக் குறைத்தல் ஒருபோதும் ஆகாது. அஃது ஈடுபாட்டை வளர்ப்பதன்று; அதனைச் சுரண்டுவது. நற்பணி செய்யும் நிறுவனங்களுக்கே இத்தவறு எளிதில் நேர்கின்றமையின், இதனை அழுத்திக் கூறினோம்.

நல்ல மேய்ப்பனையும் கூலியாளையும் வேறு பிரித்துக் காட்டும் விவிலிய உவமையை நாம் பன்முறை கேட்டுள்ளோம். ஓநாயைக் கண்ட கூலியாள் மந்தையை விட்டு ஓடுகின்றான். அதனைக் கேட்குந்தோறும் கூலியாளையே பழிக்கின்றோம். பிரீமாண்டின் வரலாறு நம்மிடம் வேறொரு வினாவை எழுப்புகின்றது: அவனை என்றும் கூலியாளாகவே வைத்திருந்தவர் யார்? கதவினுட் புட்டியை இட்ட கைகளும், பின்னர் ஒரு சிறு திருகாணியின் தளர்ச்சிக்காகக் கயிற்றை இழுத்த கைகளும் ஓர் ஊரின் ஒரே தொழிலாளர் கூட்டத்தின் கைகளே.

நாளை நம் மாணாக்கர் தலைமை இருக்கையில் அமருங்கால், ‘இவர்கள் சோம்பர்’ என்னும் சொல் நாவில் எழும் நாளொன்று வரும். அன்று அச்சொல்லை அடக்கி, ‘இவர்கள் கைக்கெட்டுமாறு நாம் எந்தக் கயிற்றைக் கட்டினோம்? அதனை இழுத்தவர்க்கு என்ன விடை தந்தோம்?’ எனத் தம்மையே வினவிக்கொள்வாராக. அவ்வினாவோடு அவர் தொடங்கும் தலைமை, அவர்கீழ் உழைப்போர் பலருடைய நாட்களைப் பொருளுடையன ஆக்கும்.