வரப்புப் பூவுக்கு ஒரு பேரேடு

தோட்டத்துக்கு வந்த முதல் வருஷம். புரட்டாசி மழைக்குப் பிறகு, வரப்பு 'சுத்தமா' இருக்கணும்னு புல்வெட்டும் மெஷினை விட்டு மொத்தமாக மழித்துவிட்டேன். கார்த்திகையில் பூசணிக் கொடியில் பெண்பூ நிறைய. பிஞ்சுதான் வெம்பி உதிர்ந்தது. விடியற்காலையில் போய் நின்று பார்த்தேன். ஒரு தேனீ இல்லை. ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் நானே தடவிவிட்டுக் கொஞ்சம் காய் எடுத்தேன். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா கேட்டார்: "தும்பையெல்லாம் அடிச்சுப் போட்டீங்க, தேனீ எதுக்குங்க வரும்?"

வங்கியில் பேரேடு எழுதிய கை சும்மா இருக்குமா? அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். பூவின் பெயர், இடம், முதல் பூ கண்ட தேதி, வந்து உட்காரும் பூச்சி. நாலு கட்டம் போதும்.

தும்பையை எளிதில் கண்டுபிடிக்கலாம். தண்டை விரலில் உருட்டினால் உருளாது, நாலு பட்டை. கணுவில் பந்து மாதிரி வெள்ளைப் பூக்கள். எங்கள் தாராபுரம் பக்கம் ஐப்பசி மழையில் தொடங்கித் தை வரை பூக்கும். கிணற்றடிப் பூண்டு வேறு. நீளக் காம்பின் நுனியில் தனிப் பூ, நடுவில் மஞ்சள். வருஷம் முழுக்க உண்டு. கேரட் இலை போலக் கிழிந்த இலையும் கொத்துக் கொத்தாகப் பொடி வெள்ளைப் பூவும் இருந்தால் அது பார்த்தீனியம். பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட வந்தவர்கள் ஆவாரை என்று தகரையை ஒடித்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் மஞ்சள்தான். தகரைக்கு மூன்று ஜோடிச் சிற்றிலை, காய் மெல்லிசாக வளைந்து நீளும். ஆவாரைக்குச் சிற்றிலை எட்டு ஜோடிக்கு மேல், காய் தட்டை. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். கருவண்டு பூவைப் பிடித்து 'ர்ர்ர்' என்று அதிர வைத்து உதிர்க்கும். காது கொடுத்துக் கேளுங்கள்.

கிளுவை வேலியில் கார்த்திகைக்கு முன்பே செங்காந்தள் ஏறும். பூக்காத நாளிலும் இலை நுனி சுருண்டு பற்றியிருப்பதை வைத்துச் சொல்லிவிடலாம். கிழங்கு கடும் விஷம். குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது ஒரு வரப்பு வெட்டினால் அடுத்ததை விட்டுவைக்கிறேன். தும்பை விதை உதிர்ந்த பிறகுதான் அதில் கை வைப்பேன். நோட்டில் சித்திரைப் பக்கம்தான் மெலிவு: வேம்பு, எருக்கு, கிணற்று மேட்டு ஆவாரை. அந்த மாசம் அந்த மேட்டில் ஆடு கட்ட விடுவதில்லை.