ஆழத்தில் எழும் விம்மல்

தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது, இரு தந்திகளின் அதிர்வெண்கள் நெருங்கி வந்தும் ஒன்றாகாத நிலையில், ஒலி பெருகியும் குறைந்தும் அலைவதைக் கேட்கலாம். இதனை ‘விம்மல்’ என இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மண்டையோட்டைத் துளைக்காமல் மூளையின் ஆழத்தைத் தூண்டும் முயற்சிக்கு இவ்விம்மலே இன்று கைகொடுக்கிறது.

ஆழத்தைத் தூண்டுவானேன்? நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பசும், உடலசைவை ஒழுங்குசெய்யும் நரம்பணுத் தொகுதிகள் பலவும் அங்கேதான் உள்ளன. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அறுவை மருத்துவர் பெனாபிட், நோயாளியின் தலாமஸ் பகுதியில் மின்முனையைச் செருகி விரைவான மின்துடிப்புகளைச் செலுத்தினார், நடுக்கம் அடங்கியது. பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு இம்முறை மறுவாழ்வளித்தது. ஆயினும் மண்டையோட்டைத் துளைத்தாக வேண்டும். குருதிக்கசிவும் நோய்த்தொற்றும் நேரலாம். அதற்கு அஞ்சி விலகுவோரைக் குறைகூற இயலாது.

வெளியிலிருந்தே தூண்டும் வழியும் அதற்கு முன்பே பிறந்திருந்தது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர், தலைமேல் வைத்த கம்பிச்சுருளின் காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டினர். ஆனால், புலத்தின் வலிமை ஆழம் செல்லச்செல்லக் குன்றுகிறது. அதை ஈடுசெய்ய வலிமையைக் கூட்டினால், மேற்பரப்பே மிகுதியாகத் தாக்குறும்.

இச்சிக்கலுக்கு 2017இல் நிர் கிராஸ்மன், எட்வர்ட் பாய்டன் முதலியோர் புதுவழி கண்டனர். எலியின் தலையில் 2000 ஹெர்ட்ஸ், 2010 ஹெர்ட்ஸ் அதிர்வெண்கொண்ட இரு மின்னோட்டங்களைத் தனித்தனி மின்முனைகள் வழியே செலுத்தினர். இத்துணை விரைவான அலைவுக்கு நரம்பணுவின் சவ்வு ஈடுகொடுக்காது. எனவே, தனித்து வரும் மின்னோட்டத்தை அது பொருட்படுத்துவதில்லை. இரண்டும் ஆழத்தில் கலக்குமிடத்திலோ, நொடிக்கு 10 முறை ஏறியிறங்கும் விம்மல் எழுகிறது. அம்மெல்லிய தாளத்திற்கு நரம்பணு இசைந்துகொடுக்கிறது. ஹிப்போகேம்பஸ் விழித்தது, அதன் மேலிருந்த புறணி விழிக்கவில்லை! மின்முனைகளை நகர்த்தாமல், மின்னோட்டங்களின் விகிதத்தை மாற்றியே இலக்கை இடம்பெயர்க்கவும் முடிந்தது.

எலியின் தலை சிறிது. மனிதத் தலையோ பெரிது. அதன் ஆழத்தை எட்டும் புலம் வலுக்குறைந்தது. ஆகவே, இதனை இன்றே சிகிச்சை எனக் கொள்வது மிகை. 2023இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் முதலில் இறந்தவரின் உடலில் புலத்தை அளந்தறிந்தனர். பின்னர், முகங்களையும் பெயர்களையும் இணைத்து நினைவிற்கொள்ள முயன்ற தன்னார்வலர்களுக்கு இம்மின்னோட்டங்களைச் செலுத்தினர். அவர்களது ஹிப்போகேம்பசின் செயற்பாடு மாறியதை வருடிப்படங்கள் காட்டின.