பேனாக் கட்டை கடையும் முறை

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் லேத் பட்டறையில் தொழில் பழகும் நம்ம பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். அக்ரிலிக் கட்டை மரம் மாதிரி இல்லை. கண்ணாடி போலச் சில்லாகத் தெறிக்கும். 100 பாகை செல்சியஸைச் சற்றுத் தாண்டினாலே இளகும். ஆகவே துளை போடும்போது பிட்டை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும். அவசரப்பட்டால் கட்டை பிளக்கும், காசும் போச்சு.

உளியை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள். அதன் சரிவுப் பக்கம் முதலில் கட்டையில் படட்டும். பிறகு பிடியை மெல்ல உயர்த்தினால் வாய் வெட்டத் தொடங்கும். நேரே குத்தக் கூடாது. நீளச் சுருள் வந்தால் வெட்டு சரி. சில்லு பறந்தால் உளியைத் திரும்பவும் தீட்டணும். சுருள் கட்டையில் சுற்றிக்கொண்டால் லேத்தை நிறுத்தித்தான் எடுக்கணும். கையுறை வேண்டாம், கையையே இழுத்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்காதீங்க. ஒரு சில்லு போதும், கண் போய்விடும்.